கேப்டனை மாற்றினால் போதுமா? கடற்படைத் தலைமைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தளபதிகளுக்கு,

சரக்குக் கப்பல்களில் பல வருடம் செகண்ட் ஆபீசராக வேலை பார்த்தவன் நான். நள்ளிரவு 12 மணி முதல் 4 மணி வரையிலான வாட்ச், அதாவது கப்பலைக் கவனித்து ஓட்டும் முறை, என்னுடையது. அந்த இருட்டில் உங்கள் கப்பல்களைப் பலமுறை கடந்திருக்கிறேன். ரேடாரில் ஒரு புள்ளி தெரியும். கப்பல்கள் தங்கள் பெயர், இடம், வேகத்தைத் தானாகவே ஒலிபரப்பும் ஏஐஎஸ் கருவியின் திரையில் பெயரும் வராது, வேகமும் வராது. வெளியே தெரியும் விளக்குகளை உற்றுப் பார்த்துத்தான் எந்தப் பக்கம் போகிறது என்று கணிக்க வேண்டும். அதனால் ஒரு போர்க்கப்பல் மோதியது என்று கேள்விப்பட்டால் எனக்கு அன்று தூக்கம் போய்விடும்.

2017 ஜூன் 17, ஜப்பான் கடற்கரைக்கு அருகில் அமெரிக்கப் போர்க்கப்பல் ஃபிட்ஸ்ஜெரால்டு, ஏசிஎக்ஸ் கிரிஸ்டல் என்ற கன்டெய்னர் கப்பலோடு மோதியது. மாலுமிகள் படுத்திருந்த அறைக்குள் தண்ணீர் புகுந்து 7 பேர் இறந்தார்கள். இரண்டே மாதத்தில், ஆகஸ்ட் 21 அன்று, சிங்கப்பூர் நீரிணைக்கு அருகில் இன்னொரு அமெரிக்கப் போர்க்கப்பலான ஜான் எஸ். மெக்கெய்ன் ஒரு டேங்கர் கப்பலோடு மோதியதில் 10 பேர் போனார்கள். 2018 நவம்பர் 8 அன்று நார்வேயின் போர்க்கப்பல் ஹெல்கே இங்ஸ்டாட் ஒரு டேங்கரில் மோதி, பிறகு மூழ்கியே போனது. அதில் இருந்த 137 பேரும் பிழைத்தது பெரிய ஆறுதல். நேரத்தைக் கவனியுங்கள்: அதிகாலை ஒன்றரை, ஐந்தரைக்குச் சற்று முன், நான்கு மணி. உடம்பு தூக்கத்துக்குக் கெஞ்சும் நேரங்கள்.

மெக்கெய்னில் நடந்ததைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. சுக்கானையும் வேகத்தையும் ஒரே ஆள் கவனிக்கத் திணறுகிறார் என்று பார்த்த கேப்டன், வேகத்தை மட்டும் பக்கத்து ஆளிடம் மாற்றச் சொன்னார். தொடுதிரையில் மாற்றும்போது சுக்கானும் சேர்ந்தே அங்கே போய்விட்டது. அது யாருக்கும் தெரியவில்லை. சுக்கான் வேலை செய்யவில்லை என்று பழைய இடத்தில் இருந்தவர் கத்தினார். வேகத்தைக் குறைத்தார்கள், ஒரு பக்க இயந்திரத்தின் வேகம் மட்டும் குறைந்தது. கப்பல் இடப்பக்கம் திரும்பி டேங்கரின் பாதையில் போய் விழுந்தது. எல்லாம் சுமார் மூன்று நிமிடத்துக்குள். அன்று பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டும் அறையில், இருந்த சிலர் வேறு கப்பலிலிருந்து தற்காலிகமாக வந்தவர்கள், இந்தத் திரை அவர்களுக்குப் பழக்கமில்லை.

சரி, இதில் தவறு யாருடையது? அந்தத் திரையை வடிவமைத்துப் பொருத்தியது மாலுமி இல்லை. பழகாத ஆளை அங்கே நிறுத்தியதும் அவர் இல்லை. அமெரிக்கக் கடற்படையின் 2014 ஆய்வு ஒன்று, மாலுமிகள் வாரத்துக்கு 108 மணி நேரம் பணியில் இருந்தார்கள் என்று காட்டியது. விதித்த அளவோ 80. மூன்று வருடத்துக்கு முன்பே கையில் இருந்த எண் இது! ஆனால் விபத்து நடந்ததும் முதலில் வரும் செய்தி என்னவோ, 'கேப்டன் பதவியிலிருந்து நீக்கம்' என்பதுதான். கேப்டனுக்குப் பொறுப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. அவரை நீக்கிய பிறகும் அதே திரை, அதே வாட்ச் அட்டவணை அடுத்த கேப்டனுக்காகக் காத்திருக்கிறதே, அதைத்தான் கேட்கிறேன்.

எங்கள் பக்கமும் தவறு உண்டு. இங்ஸ்டாட் மோதிய டேங்கரில் மேல்தள விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன, அந்த வெளிச்சத்தில் அதன் வழிகாட்டும் விளக்குகள் மறைந்துபோயின. இங்ஸ்டாடில் இருந்தவர்கள் அதைக் கரையோரம் அசையாமல் நிற்கும் பொருள் என்று நினைத்துவிட்டார்கள். நார்வேயின் விசாரணை அமைப்பு இதையெல்லாம் விரிவாக எழுதி வெளியிட்டது. அதைப் படித்த பிறகு, இரவில் மேல்தள விளக்கு எரிகிறதா என்று ஒருமுறை பார்க்காமல் நான் வாட்ச் ஏற்றதில்லை.

அப்புறம் 2024 அக்டோபரில் சமோவா அருகே தரைதட்டி மூழ்கிய நியூசிலாந்துக் கடற்படைக் கப்பல் மனவனுயி. தானியங்கிச் சுக்கான் இயங்கிக்கொண்டிருந்ததையே யாரும் கவனிக்கவில்லை, இயந்திரம் பழுது என்று நினைத்தார்கள். 75 பேரும் தப்பினார்கள். அந்தக் காரணத்தை இரண்டு மாதத்துக்குள் நியூசிலாந்து வெளியே சொன்னது. இப்படிச் சொல்ல முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நான் கேட்பது இதுதான். ரகசியமான ஆயுத விவரங்களை வெட்டிவிடுங்கள், அதில் எங்களுக்கு அக்கறை இல்லை. பிரிட்ஜில் யார் எத்தனை மணி நேரம் தூங்கியிருந்தார், என்ன பயிற்சி பெற்றிருந்தார், எந்தப் பொத்தானை ஏன் அழுத்தினார் என்பதை முழுதாக வெளியிடுங்கள். நெரிசலான நீர்வழிகளில் ஏஐஎஸ்ஸை அனுப்பும் நிலையில் வையுங்கள். 2017இல் நடந்த அந்த இரண்டு விபத்துகளுக்குப் பிறகு அமெரிக்கக் கடற்படை இதைச் செய்ய உத்தரவிட்டது, மற்றவர்களுக்கு என்ன தடை? அறிக்கை வந்ததும் சரக்குக் கப்பல்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். பிரிட்ஜில் வைத்து, 12 மணி வாட்சுக்கு ஏறி வரும் பிள்ளைகளிடம் படிக்கக் கொடுப்போம்.

அன்புடன்,
ஒரு முன்னாள் செகண்ட் ஆபீசர்