ஏற்காட்டில் செய்த முக்காலி

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மகளுக்கு வேலை கிடைத்ததைக் கேட்டு இங்கே எல்லோருக்கும் சந்தோஷம், அவளிடம் சொல். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, மற்றபடி நலம். ஞாயிற்றுக்கிழமையானால் ஏற்காட்டில் உனக்கு என்ன வேலை என்று கேட்டிருந்தாயே, அதை விவரமாகவே எழுதுகிறேன்.

தச்சு வேலை கற்றுக்கொள்கிறேன். ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. மேலே காப்பித் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு கிராமம், அங்கே எழுபது வயது தாண்டிய ஆசாரி ஒருவர் இருக்கிறார், நிலை, கதவு, கட்டில் என்று ஆயுசு முழுக்கச் செய்தவர். காசு வேண்டாம், வந்தால் மதியம்வரை போனைத் தொடக் கூடாது என்று மட்டும் சொன்னார். இருபது கொண்டை ஊசி வளைவையும் தாண்டி எட்டு மணிக்குள் அவர் வாசலில் நின்றுவிடுவேன்.

முதல் நாலு ஞாயிறு மரத்தையே தொடவிடவில்லை. உளியும் சாணைக்கல்லும்தான். கல்லில் ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு, உளியின் சரிவு முழுசாகக் கல்லில் படியும்படி வைத்து, மணிக்கட்டு ஆடாமல் தேய்க்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் பின்பக்கம் விரலால் தடவினால் மெல்லிசாக ஒரு பிசிறு தட்டுப்படும். அது வாய் முழுக்க, ஓரம்வரை ஒரே சீராக வந்திருந்தால்தான் கூர் ஏறியிருக்கிறது. அப்புறம் உளியைத் திருப்பித் தட்டைப் பக்கத்தைக் கல்லோடு படுக்கவைத்து அந்தப் பிசிறை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இந்த அவ்வளவுதானுக்கு எனக்கு ஒரு மாதம் பிடித்தது. லாரியின் பழைய வில் பட்டையிலிருந்து கொல்லர் அடித்துக் கொடுத்த உளி அது. சேலத்துக் கஞ்சமலை இரும்பைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிற ஊரில் பிறந்துவிட்டு ஒரு உளியைத் தீட்டக்கூட யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லையே என்று மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

ஐந்தாவது வாரம் சில்வர் ஓக் பலகை ஒன்றைக் கையில் கொடுத்தார். காப்பிக்கு நிழலாகவும் மிளகுக்கொடி ஏறவும் மலை முழுக்க நிற்கிறதே, அதே மரம்தான், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. இழைப்புளியைத் தள்ளினேன், சுருள் சுருளாக வருவதற்குப் பதிலாகப் பிய்த்துப் பிய்த்துக் கொண்டு வந்தது. "கரும்புச் சோகையை உருவியிருக்கியா? ஒரு பக்கம் வழவழன்னு போகும், எதிர்ப்பக்கம் கையைக் கிழிக்கும். இதுவும் அப்படித்தான், ரேகை எந்தப் பக்கம் ஏறுதுன்னு பார்த்துட்டுத் தள்ளு" என்றார். பலகையைத் திருப்பிப் போட்டுத் தள்ளினேன், சத்தமே மாறிவிட்டது மாப்பிள்ளை. காகிதம் மாதிரி ஒரே நீளச் சுருள், அதற்கு அடியில் பட்டுத்துணி போல மினுமினுப்பு. அந்தச் சுருளை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஐப்பசி மழையில் அங்கேயே ஒரு முக்காலி செய்தேன். காலுக்குக் கால் குறுக்குச் சட்டம், சட்டத்தின் நுனியை நாக்கு மாதிரி மெலிதாகச் செதுக்கிக் காலில் போட்ட துளைக்குள் இறக்கி அடித்தது, ஆணி கிடையாது. பிடித்து உலுக்கினாலும் அசையவில்லை. சேலத்துக்குக் கொண்டுவந்து கூடத்தில் போட்டேன், சித்திரையில் ஒரு நாள் அம்மா உட்காரும்போது கடகடவென்று ஆடியது. நல்லவேளை, விழவில்லை. மலையின் ஈரக்காற்றில் ஊறியிருந்த மரம் நம் ஊர் வெயிலில் தண்ணீரை விட்டுவிட்டது. நீளவாட்டில் மரம் சுருங்குவது மிகக் கொஞ்சம், குறுக்கே பார்த்தால் நன்றாகவே சுருங்கும், அதனால் நாக்கு மெலிந்து துளைக்குள் லூசாகிவிட்டது. ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் நிழலில் காயவிடணும் என்று பெரியவர் ஆரம்பத்திலேயே சொன்னதுதான், அவசரத்தில் நான் மில்லில் வாங்கிய கையோடு அறுத்துவிட்டேன்.

இரண்டாவது முக்காலிக்கு வேறு வழி காட்டினார். நாக்கு வருகிற சட்டத்தை விறகடுப்புக்கு மேலே பரணில் மூன்று வாரம் போட்டு நன்றாகக் காயவைத்தோம், காலை மட்டும் அவ்வளவு காயாத கட்டையில் எடுத்தோம். அடித்து இறக்கிய பிறகு கால் மெதுவாகக் காயக் காயத் துளை நாக்கைக் கவ்விக்கொள்கிறது, நாக்குக்கோ இனிமேல் சுருங்க ஒன்றும் மிச்சமில்லை. அம்மா இப்போது அதில் உட்கார்ந்துதான் கீரை ஆய்கிறாள்.

வீட்டில் ஒன்று உடைந்தால் முன்பெல்லாம் கடைக்குத்தான் கிளம்புவேன். இப்போது மண்வெட்டிக்குக் கருவேலங்கட்டையில் பிடி போட்டாயிற்று, அரிவாள்மனைக்குப் பூவரசில் புதுக் கட்டை போட்டாயிற்று. பக்கத்து வீட்டுக்காரர் தன் கோடரியையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். காசு மிச்சம் என்பது சின்ன விஷயம். கையில் பிடிக்கிற சாமான் எந்த மரம், எந்த வாட்டத்தில் அறுத்தது என்று தெரிந்து புழங்குவது எனக்குப் பெரிய நிம்மதியாக இருக்கிறது.

சரி, ஒரு விஷயம் கேட்கத்தான் இவ்வளவும். உங்கள் தாத்தாவின் இழைப்புளி ஒன்று பழைய வீட்டுப் பரணில் கிடக்குமே, சின்ன வயசில் நாம் அதை பஸ் மாதிரி ஓட்டி விளையாடினோமே. கட்டை பூச்சி அரித்திருந்தாலும் பரவாயில்லை, அலகு துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை, தூக்கிப் போட்டுவிடாதே. பொங்கலுக்கு வரும்போது துணியில் சுற்றி எடுத்து வா. ஞாயிறு காலை சேர்ந்தே மேலே போகலாம்.

உன்
மாப்பிள்ளை