எண்ணெய் குறையாத மெஷின்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஆயுத பூஜை நெருங்குகிறது. கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம், குறிச்சி சிட்கோ என்று எந்தப் பட்டறைப் பக்கம் போனாலும் இனிச் சில நாட்களுக்கு மண்ணெண்ணெய் வாசனையும் காற்றுக் குழாயின் இரைச்சலுமாகத்தான் இருக்கும். மெஷினைக் குளிப்பாட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரிகடலை கொடுத்து அனுப்புவார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பொரியைத் தின்று வரும் பராமரிப்பு ஃபிட்டர் நான். பூஜை முடிந்த மறுவாரம் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளைப் பற்றி யாராவது எழுதியாக வேண்டும் என்பதால் இந்தக் கடிதம்.

அழைப்புகளில் பாதி பால் ஸ்க்ரூ பற்றியவை. அறியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் சி.என்.சி. மெஷினில் மோட்டாரின் சுழற்சியை நேர்கோட்டு நகர்வாக மாற்றித் தரும் திருகு அது. சாதாரணத் திருகில் மரையும் நட்டும் ஒன்றோடொன்று உராய்ந்தபடி நகரும். மோட்டார் கொடுக்கும் சக்தியில் பெரும்பகுதி அந்த உராய்விலேயே கரைந்துபோகும். பால் ஸ்க்ரூவில் இரண்டுக்கும் நடுவே எஃகுக் குண்டுகள் உருளுகின்றன. நட்டின் கடைசிக்கு வந்த குண்டு உள்வழியாகத் திரும்பி மறுபடி முதல் இடத்துக்கே வந்துவிடும். சுமார் 90 சதவீதச் சக்தி வேலைக்குப் போய்ச் சேரும். சி3 என்ற துல்லியத் தரத் திருகு என்றால் 300 மில்லிமீட்டர் நீளத்துக்கு அனுமதிக்கப்பட்ட பிழை 8 மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). தலைமுடியின் பருமன்கூட அதைப்போலப் பல மடங்கு. இவ்வளவு நுட்பமான பொருளின் மீதுதான் பூஜைக்கு முதல் நாள் நாம் மண்ணெண்ணெயை ஊற்றிக் காற்றையும் அடிக்கிறோம்.

போன வருடம் ஒரு பம்ப் பட்டறையில் நடந்தது இது. பம்ப் உடல் வார்ப்புகளைக் கடையும் லேத். பூஜை முடிந்து ஓட்டியதும் குறுக்கு அச்சில் கரகரவென்று சத்தம், கடைந்த விட்டம் காலையில் ஒன்று, மதியம் ஒன்று. (திருகு சூடேறினால் நீளும் என்பது வேறு கதை. ஒரு மீட்டர் எஃகு 10 டிகிரி கூடினால் 0.1 மில்லிமீட்டருக்கு மேல் நீண்டுவிடும். இங்கே வந்த வித்தியாசம் அந்தக் கணக்கில் அடங்கவில்லை.) முதலாளி நல்ல மனிதர், மெஷினைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்பவர். என்னை அழைத்துப்போய் எண்ணெய் டேங்கைக் காட்டிப் பெருமையாகச் சொன்னார்: “எங்க மெஷின் எண்ணெயே குடிக்காதுங்க. தை மாதம் ஊற்றியது, இன்னும் அப்படியே இருக்கிறது பாருங்க.”

எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அந்த டேங்கில் இருக்கும் ஸ்லைடுவே எண்ணெய் குறையத்தான் வேண்டும். சிறு பம்ப் ஒன்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக அதை வழித்தடங்களுக்கும் பால் ஸ்க்ரூ நட்டுக்கும் தள்ளிக்கொண்டே இருக்கும். குறையவில்லை என்றால் போகவில்லை என்று பொருள். சின்ன மெஷின்கள் பலவற்றில் டேங்கில் எண்ணெய் மட்டம் பார்க்கும் மிதவை மட்டும்தான் உண்டு. குழாயில் அழுத்தம் பார்க்கும் சுவிட்ச் கிடையாது. ஆகவே எண்ணெய் தீர்ந்தால் மெஷின் கத்தும், எண்ணெய் போகாவிட்டால் வாயே திறக்காது. அந்த லேத்தில் வடிகட்டி களிமண் மாதிரி அடைத்திருந்தது. யாரோ ஒரு சமயம் கையில் கிடைத்த பழைய எண்ணெயை ஊற்றியிருக்கிறார்கள். ஒன்பது மாதம் காய்ந்தே ஓடிய நட்டில் எஞ்சியிருந்த கொஞ்ச நஞ்சப் படலத்தையும் பூஜைக்கு முதல் நாள் மண்ணெண்ணெய் கழுவிவிட்டது. பிறகு காற்றுக் குழாய். நட்டின் இரு முனையிலும் தூசியைத் துடைப்பதற்கு வளையம் இருக்கிறது. அது மெதுவாக வரும் தூசிக்குத்தான். ஆறு பார் அழுத்தத்தில் அடித்தால் வார்ப்பிரும்புத் தூள் அந்த வளையத்தையும் தாண்டிக் குண்டுகளின் நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும். வார்ப்பிரும்புத் தூளும் எண்ணெயும் சேர்ந்தால் எஃகையே தேய்க்கும் பசையாகிவிடும் என்று வால்வு தேய்த்தவர்களுக்குத் தெரியும்.

கவரைக் கழற்றினால் திருகின் தடத்தில் ஓரிடத்தில் மட்டும் மங்கலான பட்டை. அதே பம்ப் உடல், அதே நீளம், ஆண்டு முழுவதும் அதே இடத்தில் முன்னும் பின்னும் போய்வந்த இடம் அது. குறுகிய நகர்வில் எண்ணெய்ப் படலம் நீளமெங்கும் பரவாது, குண்டுகளும் போதிய அளவு சுற்றிவராது. காலையில் ஆரம்பிக்கும்போது அச்சை முழு நீளத்துக்கும் நாலைந்து தடவை வெறுமனே ஓட்டிவிட்டால் போதும். இரண்டு நிமிட வேலை. “உற்பத்தி போய்விடும்” என்பார்கள். புதுத் திருகு வந்து சேரும்வரை அவருடைய லேத் ஆறு வாரம் நின்றது, வங்கித் தவணை நிற்கவில்லை.

இன்னொன்றும் பார்த்தேன். அவருடைய லேத்தை ஓட்டும் ஃபனுக் நிறுவனக் கட்டுப்பாட்டுக் கணினியில் 1851 என்ற இடத்தில் பேக்லாஷ், அதாவது திசை மாறும்போது விழும் இடைவெளியின் அளவு, பதிவாகியிருக்கும். முன்பு வந்துபோன மெக்கானிக் ஒவ்வொரு முறையும் அந்த எண்ணைக் கூட்டிவைத்துவிட்டுப் பணம் வாங்கிப் போயிருக்கிறார். கண் மங்க மங்க எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பது போன்ற வைத்தியம் அது. அந்த இடைவெளியை எண் ஈடுகட்டும். இழந்த இறுக்கத்தை அது திருப்பித் தராது. கருவி உலோகத்தில் பாயும்போது நட்டு ஆடிக்கொண்டேதான் இருக்கும். அந்த எண் வருடா வருடம் ஏறினால் அதை நோய்க்குறிப்பாகப் படிக்க வேண்டும்.

அதற்காக ஆட்டம் கண்டதும் திருகுதான் போயிற்று என்றும் முடிவுகட்டாதீர்கள். நான் இன்றைக்கும் செய்கிற சோதனை இது: திருகின் முனையில் இருக்கும் சென்டர் துளையில் கொஞ்சம் கிரீஸ் தடவி ஓர் எஃகுக் குண்டை ஒட்டவையுங்கள். அதன்மேல் தட்டை முனை கொண்ட டயலை (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவுமானி) வைத்து அச்சை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். திருகே முன்னும் பின்னும் போய்வருவதை டயல் காட்டினால் குற்றவாளி தாங்கிப் பிடிக்கும் பேரிங் அல்லது அதன் லாக் நட்டு. பேரிங்கை மாற்றினால் தீர்ந்துவிடும் கோளாறுக்குப் புதுத் திருகே வாங்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

மற்றவர்களையே குறை சொல்லிக்கொண்டிருக்கிறேன், என் கதையும் உண்டு. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஆர்வக்கோளாறில் நட்டைத் திருகிலிருந்து நேராகக் கழற்றினேன். வெற்றுக் குழாய் ஒன்றை முனையில் வைத்து அதன்மேல் நகர்த்த வேண்டும் என்பது தெரியாது. குண்டுகள் தரையெங்கும் சிதறின. தவழ்ந்து பொறுக்கியதில் இரண்டு குறைந்தன. எட்டில் ஓர் அங்குலக் குண்டுதானே என்று சைக்கிள் கடையில் வாங்கிப் போட்டுவிட்டேன். கண்ணுக்கு ஒன்றுதான். ஆனால் மைக்ரான் கணக்கில் சற்றே பெரிய குண்டு அக்கம்பக்கத்துச் சுமையையும் தானே வாங்கிக்கொள்ளும். சுமை இரண்டு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகிவிடும் என்பது இந்தத் திருகுகளின் ஆயுள் கணக்கு. எனக்கு ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. ஃபோர்மேன் திட்டியதை இந்தப் பக்கத்தில் எழுத முடியாது.

ஆகவே பட்டறைக்காரர்களுக்கு என் வேண்டுகோள்: பூஜைக்குத் தாராளமாகச் சுத்தம் செய்யுங்கள், ஆனால் பால் ஸ்க்ரூவைப் பஞ்சு இழை ஒட்டாத துணியால் துடையுங்கள். காற்றுக் குழாயை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். துடைத்த கையோடு எண்ணெய் டேங்கின் கைப்பம்பை இழுத்து, நட்டின் வாயில் புது எண்ணெய் கசிகிறதா என்று கண்ணால் பாருங்கள். எண்ணெயில் ஓடும் திருகுக்குப் பாசம் மிகுந்து கிரீஸ் அப்பாதீர்கள். கிரீஸில் ஓடும் திருகுக்குக் கறுப்பாக இருப்பதுதான் உயர்ந்தது என்று கிராஃபைட் கலந்ததைத் தேடிப் போகாதீர்கள். அதை வேண்டாம் என்று தயாரிப்பாளர்களின் கையேடுகளே சொல்கின்றன.

கையேடு என்றதும் கோபம் வருகிறது. இத்தனையும் அதில் இருக்கிறது, ஆங்கிலத்தில், முதலாளியின் அறையில் பூட்டிய அலமாரியில். மெஷினை விற்கும் நிறுவனங்கள் மராமத்துக்குத் தேவையான ஒரே ஒரு பக்கத்தைத் தமிழில் அச்சிட்டு மெஷின் கதவிலேயே ஒட்டித் தரக்கூடாதா? இப்போது ஆபரேட்டர்களில் பலர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிறார்கள். பக்கத்திலேயே இந்தியும் ஒடியாவும் இருக்கட்டும்.

அந்தப் பம்ப் பட்டறை முதலாளி இந்த முறை பூஜைக்கு முன்பே அழைத்துவிட்டார். டேங்கின் மேல் வாரம் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதிவருகிறாராம். போன வாரக் கோட்டுக்கும் இந்த வாரக் கோட்டுக்கும் நடுவே இரண்டு விரல் குறைந்திருக்கிறதாம்.

இப்படிக்கு,
பராமரிப்பு ஃபிட்டர் ஒருவர்,
கணபதி, கோயம்புத்தூர்.