கீற்றுக் கணக்கு இருந்த பக்கம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. சாயங்காலம் கடைத்தெரு வரை நடக்கிறார்.

போன வாரம் போனில் நீ கேட்டது நினைவிருக்கிறது. பாப்பாவுக்குப் பள்ளிக்கூடத்தில் சொந்த ஊரைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள், நம்மூர் நூலகத்தில் இருக்கும் பள்ளிக்கூடப் பொன்விழா மலரில் 1952 புயல் படம் ஒன்று உண்டு, அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு என்றாய். இத்தனை நாள் அனுப்பவில்லையே என்று கோபித்துக்கொள்ளாதே. அதில் ஒரு விஷயம் இருக்கிறது. போனில் சொன்னால் பாதியிலேயே ‘சரிம்மா, சரிம்மா’ என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

மறுநாள் காலையிலேயே போனேன். வாசலில் செருப்பை விட்டு, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கேட்டேன். குறிப்புதவி நூல்கள் இருக்கிற பீரோவைத் திறந்து, நூலகர் அம்மா தானே அந்த மலரை எடுத்துக் கொடுத்தார். ஓரமெல்லாம் பழுப்பேறி, தொட்டால் உதிர்ந்துவிடும் போல இருந்தது. மெதுவாகப் புரட்டிக்கொண்டே போனேன். 42-ஆம் பக்கத்துக்கு அப்புறம் 45 வந்தது. தையலோரத்தில் அரை விரல் அகலத்துக்கு ஒரு துண்டு மட்டும் நின்றது. கிழித்திருந்தால் ஓரம் பிசிறாக இருக்கும். இது நேர்கோடு. பிளேடு.

எந்தப் பாவி என்று எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். ராத்திரி படுத்த பிறகுதான் பொறி தட்டியது. இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் படம் உனக்கு மட்டும் ஏன் இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கிறது?

எழுந்து பரணில் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னேன். அப்பா திட்டிக்கொண்டேதான் இறக்கினார். நீ எட்டாம் வகுப்பில் ‘எங்கள் ஊர்’ என்று ஓர் ஆல்பம் செய்தாயே, அது அடியில் கிடந்தது. நான்காம் தாளில் அந்தப் படம். கூரை பறந்துபோன பள்ளிக்கூடம், மண்சுவர் மட்டும் நிற்கிறது, புளியமரத்தடியில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், கரும்பலகை மரத்தில் சாய்த்து வைத்திருக்கிறது.

தம்பி, வெட்டியது நீ. அப்பாவின் சவர பிளேடை எடுத்துக் கொடுத்தது நான். அது வெளியே கொடுக்கக் கூடாத புத்தகம். டீச்சர் கேட்கிறாரே என்று அப்போதிருந்த நூலகர் ஒரே ஒரு ராத்திரிக்கு நம்பிக் கொடுத்தார். மறுநாள் விடிகாலையில் ஆல்பம் கொடுக்க வேண்டும், நகல் எடுக்கும் கடை சாத்தியாயிற்று, நீ அழுதாய். ஒரு தாள்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். முப்பது வருஷம் பாடம் நடத்தினவள் அப்படி நினைத்தேன். உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. உனக்குப் பதின்மூன்று வயது.

படத்தின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. நல்லவேளை, நீ கோந்தை ஓரங்களில்தான் தடவியிருந்தாய். ஈரத்துணியை ஒற்றி ஒற்றி, ஒரு மணி நேரம் உட்கார்ந்து பிரித்தேன். பின்பக்கம் ஒரு பட்டியல். புயலுக்கு அப்புறம் கூரை போட யார் யார் என்ன கொடுத்தார்கள் என்ற கணக்கு. ஒரு கலம் நெல். இருபது மூங்கில். இருநூறு கீற்று. பணமும் நெல்லும் இல்லாதவர்கள் பெயருக்கு நேரே ‘ஆள் வேலை மூன்று நாள்’ என்று போட்டிருக்கிறது. அதை அடுப்படி வெளிச்சத்தில் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோந்து பட்ட இடத்தில் சில பெயர்கள் தாளோடு உரிந்து வந்துவிட்டன. கீழிருந்து மூன்றாவது வரியில் ‘ஐம்பது கீற்று’ என்பது மட்டும் மிச்சம். கொடுத்தது யார் என்று இனி ஒருவருக்கும் தெரியாது.

இது வேறு எங்கும் கிடைக்காது, அதைப் புரிந்துகொள். தஞ்சாவூர் ஜில்லாவைப் பற்றி வெங்கசாமி ராவ் 1883-இல் எழுதின பெரிய புத்தகம் இருக்கிறது, எஃப்.ஆர்.ஹெமிங்வே தொகுத்த 1906 கெஜட்டியர், அதாவது ஜில்லா விவரத் தொகுப்பு, இருக்கிறது. ஆறு, அணை, வரி, கோயில் என்று நிறையச் சொல்வார்கள். ஆனால் 1952 நவம்பர் 30-ஆம் தேதி புயல் அடித்தபோது அவை அச்சாகி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. நம்மூரைத் தேடுகிறவனுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தோம், 1991-இல் நாகப்பட்டினத்தோடு போனோம், 1997-இல் திருவாரூர் மாவட்டம் ஆனோம். எந்தப் பெயரில் தேடுவது? சின்ன ஊரின் வரலாறு பள்ளிக்கூட மலரிலும் கும்பாபிஷேக மலரிலும்தான் கிடக்கிறது. நூலகத்தில் இருந்தது ஒரே ஒரு பிரதி.

மறுநாள் தாளை எடுத்துக்கொண்டு போய் நூலகர் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. தாளைத் தையலோரத் துண்டோடு வைத்துப் பார்த்தார். அச்சாகப் பொருந்தியது. ஒட்டலாமா என்று கேட்டேன். ‘வேண்டாங்கம்மா, பசை போட்டால் இன்னும் கெடும், உறையில் போட்டு உள்ளேயே வைத்துவிடுவோம்’ என்றார்.

நீ ஜனவரியில் வரும்போது பாப்பாவை நூலகத்துக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றாயே, கட்டாயம் கூட்டிப்போ. வெள்ளிக்கிழமை வேண்டாம், விடுமுறை. போகும் வழியில் அவளுக்கு மேலவாசல் கதையையும் சொல்லு. மன்னார்குடிக்குப் பக்கத்து ஊர்தான். 1931 அக்டோபரில் எஸ்.வி.கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பியது அங்கிருந்துதான். நம்ம சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன் நூலகத்துக்கான ஐந்து விதிகளை வெளியிட்டதும் அதே வருஷம். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது அதில் நான்காவது. எடுத்த புத்தகத்தை நீயே அலமாரியில் செருகிவிடாதே, மேசையிலேயே வை என்று நூலகத்தில் சொல்வது எதற்காக என்று நினைக்கிறாய்? இடம் மாறிச் செருகிய புத்தகம் தொலைந்த புத்தகம்தான், அடுத்தவன் அதை நாள்முழுக்கத் தேடுவான்.

இன்னும் சில சொல்ல வேண்டும். நீ வெளியூரில் இருந்து வருகிறாய், தெரியாமல் செய்துவிடக் கூடாது. போன வருஷம் வெளிநாட்டில் இருந்து வந்த ஒருவர் ‘எங்க ஊர் லைப்ரரி’ என்று உரக்கப் பேசிக்கொண்டே மூலை மூலையாக வீடியோ எடுத்தார். டிஎன்பிஎஸ்சி பரீட்சைக்குப் படிக்கிற பெண்பிள்ளைகள் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார்கள். வீட்டில் படிக்க இடமில்லாமல் வருகிற பிள்ளைகள். இரண்டு பேர் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டார்கள், ஒருத்தி புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுந்தே போய்விட்டாள். ஒரு வாரம் அவள் வரவில்லை. அதனால் படம் எடுப்பதானால் முதலில் கேள். பக்கத்தை மட்டும் எடு, மனிதர்களை எடுக்காதே, ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். எடுத்து முடித்ததும் போனை அணைத்துப் பையில் போட்டுவிடு. நாளிதழில் உனக்கு வேண்டிய தாளை மட்டும் எடு, மிச்சத்துக்குப் பெரியவர்கள் காத்திருப்பார்கள். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டாதே. பாப்பா குறிப்பெடுக்கப் பென்சில் கொண்டு வா, பேனா வேண்டாம்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று மருமகள் கேட்பாள். வீட்டு வரி ரசீதை எடுத்துக் காட்டு. அதில் நூலக வரி என்று தனியாக ஒரு தொகை இருக்கும், சொத்து வரியில் நூற்றுக்குப் பத்து. 1948-இல் வந்த சட்டத்தின்படி வசூலாகிறது. கீற்றும் மூங்கிலும் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்குக் கொடுக்கிற காசு அது.

படத்தை நூலகர் அம்மாவின் அனுமதியோடு எடுத்து, கடையில் பிரிண்ட் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். பின்பக்கத்தையும் சேர்த்துத்தான். பாப்பா படத்தைப் பற்றி மட்டும் எழுதாமல் பட்டியலில் உள்ள பெயர்களையும் எழுதட்டும், கீழிருந்து மூன்றாவது வரி வரைக்கும். அங்கே ஏன் பெயர் இல்லை என்று கேட்பாள். நீயே சொல்லு.

அன்புடன்,
அம்மா