பெஞ்சில் உட்கார்ந்தவன் எழுதுவது

திருவல்லிக்கேணி
10-1-2025

அன்புள்ள மாப்ளே,

இன்றைக்கு வைகுண்ட ஏகாதசி. பார்த்தசாரதி கோயில் வரிசை எங்கள் தெரு முனை வரைக்கும் வந்து நிற்கிறது. ஸ்ரீரங்கத்தில் உன் நிலைமையைக் கேட்கவே வேண்டாம், வீட்டுத் திண்ணையிலேயே வெளியூர்க்காரர்கள் படுத்திருப்பார்கள். நான் கோயிலுக்குப் போகவில்லை. முட்டி விடமாட்டேன் என்கிறது. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "எலும்பும் எலும்பும் உரசுது சார், மாத்திடலாம்" என்றார், ஏதோ சைக்கிள் டயரை மாற்றுகிற மாதிரி. பொங்கல் போகட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உன் கடிதம் நேற்று வந்தது. நாலு பக்கத்தில் மூன்று பக்கம் நம் கிரிக்கெட் டீமின் ஆஸ்திரேலியா டூரைத் திட்டியே தீர்த்திருக்கிறாய். அண்ணி உடம்பைப் பற்றி ஒரே வரி. கொழுப்புதான் உனக்கு.

நானும் இந்த மார்கழி முழுக்க அந்தக் கண்றாவியைத்தான் பார்த்தேன். ஐந்து மணிக்கு மெல்போர்ன். கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை, இங்கே சத்தத்தைக் குறைத்துவிட்டு டிவி. டிசம்பர் 30-ஆம் தேதி டீக்குப் போகும்போது மூன்றே விக்கெட், டிராதான் என்று நினைத்து நான் குளிக்கப் போனேன். வந்தால் சீட்டுக்கட்டாய்ச் சரிந்துகொண்டிருக்கிறது. கடைசி ஏழு விக்கெட் 34 ரன்னில் போச்சு. நம்ம வாஷிங்டன் சுந்தர் ஒருபக்கம் கட்டை போட்டபடி கடைசிவரை நின்றான். பார்க்கப் பாவமாக இருந்தது. அப்புறம் சிட்னியில் கேப்டனே தன்னை வெளியே உட்காரவைத்துக்கொண்டதும், டிரெஸ்ஸிங் ரூம் பேச்சு பேப்பருக்கு வந்ததும் உனக்குத் தெரிந்ததே. தொடர் 1-3 என்று போச்சு.

எனக்கு அதெல்லாம் பெரிதாக உறைக்கவில்லை. உறைத்தது அஷ்வின் விஷயம். 106 டெஸ்ட், 537 விக்கெட். ஐந்து டெஸ்ட் தொடரில் அடிலெய்டில் மட்டும் இறக்கினார்கள், பிரிஸ்பேனில் திரும்ப பெஞ்ச். மேட்ச் முடிந்ததும் கேப்டன் ரோகித் பக்கத்தில் உட்கார்ந்து ஓய்வு என்று சொல்லிவிட்டு, மறுநாளே மேற்கு மாம்பலம் வந்து சேர்ந்தார். நீ இதை 'பாதியில் ஓடிவந்தது' என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தவனுக்குத்தான் அதன் சூடு தெரியும். நீ என்றைக்கு உட்கார்ந்தாய்? எப்போதும் ஓப்பனிங்.

"இந்த மாதிரி ஒரு டூர் சரித்திரத்திலேயே கிடையாது" என்றும் எழுதியிருக்கிறாய். அதுதான் என்னைப் பேனா எடுக்க வைத்தது. 1936-ஐ மறந்துவிட்டுப் பேசாதே.

அந்த வருஷம் இங்கிலாந்து போன நம் டீமுக்குக் கேப்டன் விஜயநகரம் மகாராஜகுமார், 'விஜ்ஜி'. முதலில் பட்டோடி நவாபைத்தான் போட்டார்கள், அவர் விலகிக்கொண்டார். சி.கே. நாயுடு இருக்க, இவர் ஓட்டு வாங்கிக் கேப்டன் ஆனார். ஆட்டத்தால் வந்த பதவி இல்லை, பணத்தாலும் செல்வாக்காலும் வந்தது. முப்பத்தாறு பெட்டிகளும் இரண்டு வேலைக்காரர்களுமாகக் கப்பல் ஏறினாராம். மூன்று டெஸ்டிலும் தானே ஆடி, ஆறு இன்னிங்ஸில் எடுத்தது மொத்தம் 33 ரன். 1932-இல் போர்பந்தர் மகாராஜாவும் இப்படிக் கேப்டனாகப் போனவர்தான். ஆனால் அவருக்குத் தன் ஆட்டத்தின் லட்சணம் தெரியும், லார்ட்ஸ் டெஸ்டில் ஒதுங்கிக்கொண்டு நாயுடுவிடம் டீமைக் கொடுத்தார். அந்தப் பெரிய மனசு இவருக்கு இல்லை. டூர் நடுவில் 'சர்' பட்டம் வேறு வந்தது. வந்த காரியம் அதுதான் என்று நினைக்கிறேன், கிரிக்கெட் சும்மா ஒரு சாக்கு.

லாலா அமர்நாத் அப்போது நல்ல ஃபார்மில் இருக்கிறார். எஸ்ஸெக்ஸுக்கு எதிராக ஒரே மேட்சில் இரண்டு செஞ்சுரி. அடுத்து லார்ட்ஸில் ஒரு சாதாரண மேட்ச். பேடு கட்டிக்கொண்டு தயாராக இரு என்று சொல்லிவிட்டு, அவருக்கு முன்னால் ஒவ்வொருவராக வேறு ஆட்களை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். ஆட்டம் முடியச் சில நிமிஷம் இருக்கும்போது அவரை இறக்கினார்கள். திரும்பி வந்தவர் பேடைக் கழற்றி வீசிவிட்டு பஞ்சாபியில் ஏதோ முணுமுணுத்தார். ஒழுங்கீனம் என்று சொல்லி, முதல் டெஸ்டுக்கு முன்னாலேயே ஊருக்குக் கப்பல் ஏற்றிவிட்டார்கள். அடுத்த வருஷம் பம்பாய் தலைமை நீதிபதி பியூமாண்ட் தலைமையில் ஒரு கமிட்டி விசாரித்து, அவர் மேல் தப்பில்லை என்றது. ஆனால் போன டெஸ்ட் போனதுதானே? அமர்நாத் இல்லாமலே லார்ட்ஸில் முதல் இன்னிங்ஸில் நம்மவர்கள் முன்னிலை. அமர்சிங் 35 ரன்னுக்கு ஆறு விக்கெட் எடுத்தார். அப்புறம் 93-க்குச் சுருண்டு, ஒன்பது விக்கெட்டில் தோல்வி. அந்த ஆள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என்னால் யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

மான்செஸ்டர் இன்னும் விசேஷம். விஜய் மெர்ச்சன்டை ரன் அவுட் ஆக்கினால் தங்க வாட்ச் தருகிறேன் என்று விஜ்ஜி முஷ்டாக் அலியிடம் சொன்னார் என்பது கதை. சொந்த டீம் ஆளை! முதல் இன்னிங்ஸில் ரன் அவுட் ஆனது முஷ்டாக் அலிதான், 13 ரன்னில். அவர் வாட்ச் சமாச்சாரத்தை மெர்ச்சன்டிடமே சொல்லிவிட்டாராம். இரண்டாவது இன்னிங்ஸில் இரண்டு பேரும் சேர்ந்து முதல் விக்கெட்டுக்கு 203 அடித்தார்கள். முஷ்டாக் 112, மெர்ச்சன்ட் 114. வெளிநாட்டு மண்ணில் இந்தியர் அடித்த முதல் டெஸ்ட் செஞ்சுரி முஷ்டாக் அலியுடையது. மேட்ச் டிரா.

அதே மேட்சில்தான் நம்ம ஊர் கோட்டா ராமஸ்வாமி முதல் டெஸ்ட் ஆடினார், நாற்பது வயசில். புச்சி பாபு நாயுடுவின் கடைசிப் பிள்ளை. 1922-இல் டேவிஸ் கோப்பையில் டென்னிஸ் ஆடியவர். 40-ம் 60-ம் அடித்தார். இப்போது 'வயசாச்சு, அனுப்பிவிடு' என்று 36 வயசுக்காரர்களைப் பேசுகிறோமே, அவரை நினைத்துக்கொள்.

இந்தக் கதைகளெல்லாம் ஊருக்கே தெரிந்தவை. அந்த டூரில் எனக்கு மனசில் நிற்பவர் வேறு ஒருவர். நம் எம்.ஜே. கோபாலன். செங்கல்பட்டுப் பக்கம் மொறப்பாக்கத்துக்காரர். ரஞ்சி டிராஃபியின் முதல் பந்தை 1934-இல் சேப்பாக்கத்தில் போட்டவர். கிரிக்கெட் எவ்வளவோ ஹாக்கியும் அவ்வளவு. 1935-இல் தியான்சந்தோடு நியூசிலாந்து போய் ஆடிவிட்டு வந்தார். 36-இல் பெர்லின் ஒலிம்பிக்ஸ் ஹாக்கியா, இங்கிலாந்து கிரிக்கெட்டா என்று வந்தபோது கிரிக்கெட் என்றார். போனார். மூன்று டெஸ்டில் ஒன்றில்கூட அவரை இறக்கவில்லை.

தேதியைக் கவனி. ஹாக்கி ஃபைனல் மழையால் ஒருநாள் தள்ளிப்போய் ஆகஸ்ட் 15 அன்று நடந்தது. ஜெர்மனியை 8-1 என்று அடித்துத் தங்கம் வாங்கினார்கள். அதே ஆகஸ்ட் 15 அன்று ஓவலில் மூன்றாவது டெஸ்ட் ஆரம்பம். இங்கிலாந்தின் ஹேமண்ட் 217 அடிப்பதை கோபாலன் வெளியே உட்கார்ந்து பார்த்திருப்பார். உள்ளே, பாக்கா ஜிலானி என்பவருக்கு முதல் டெஸ்ட். காலைச் சாப்பாட்டு மேசையில் சி.கே. நாயுடுவை எல்லார் எதிரிலும் அவமானப்படுத்தியதற்குச் சன்மானமாகத்தான் அவருக்கு அந்த இடம் கிடைத்தது என்று சொல்வார்கள். பந்து போடத் தெரிந்தவன் வெளியே, வாய் நீளமானவன் உள்ளே. கோபாலன் அதற்கப்புறம் டெஸ்டே ஆடவில்லை. 2003 வரை, தொண்ணூற்று நாலு வயசு வரை, இதே சென்னையில் இருந்தார். பையன்களாக நாம் சேப்பாக்கத்தைச் சுற்றித் திரிந்த காலத்தில் எங்காவது எதிரே வந்திருப்பார், நமக்குத்தான் தெரிந்திருக்காது.

இதைப் படித்துவிட்டு நீ, 'சரி, இதுக்கும் அஷ்வினுக்கும் என்ன சம்பந்தம், இதுக்கும் உனக்கும் என்ன சம்பந்தம்' என்பாய். எனக்கு இருக்கிறது. நாற்பத்துமூன்று வருஷமாகச் சொல்லாத ஒன்று.

1981, கோயம்புத்தூர். நீலகிரி எக்ஸ்பிரஸில் ரிசர்வேஷன் இல்லாமல் கிட் பை மேலேயே உட்கார்ந்து போனோமே, அந்த மேட்ச். மேட்டிங் விக்கெட். நம் கம்பெனி டீமுக்கு முதலாளியின் தங்கை பிள்ளை கேப்டன். நான் பன்னிரண்டாவது ஆள், ஆடாமல் தண்ணீர் தூக்குகிறவன். நீ ஐம்பது தாண்டி நன்றாக நின்றுவிட்டாய். மூன்றரை மணி வாக்கில் நீ கிளவுஸ் மாற்றவேண்டும் என்று கை காட்டினாய். நான் எழுந்தபோது கேப்டன் என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா ஊட்டிக்குப் போற வழியில கார்ல வந்திருக்காரு. நான் ஆடறத அவர் பார்த்துட்டுத்தான் கிளம்பணும். தூக்கி அடிச்சு அவுட் ஆயிடச் சொல்லு அவனை." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அடுத்த மேட்ச் நீ டீம்ல இருக்கே" என்றான்.

கிளவுஸையும் தண்ணீர்ச் செம்பையும் எடுத்துக்கொண்டு வந்தேன். பவுண்டரியிலிருந்து பிட்ச் அவ்வளவு தூரம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நீ வியர்வையில் ஊறிய கிளவுஸைக் கழற்றியபடியே, "என்ன சொல்றான் கேப்டன்?" என்று கேட்டாய். "நல்லா ஆடறியாம். நின்னு ஆடச் சொன்னான்" என்றேன்.

நீ நின்று ஆடினாய். 83. கார் நாலரைக்குக் கிளம்பிப் போய்விட்டது. அவன் கடைசியில் இருட்டுக்கு முன்னால் இறங்கி மூன்றாவது பந்தில் போல்டு.

அதற்கப்புறம் என்னை ஏன் எந்த மேட்சுக்கும் கூப்பிடவில்லை என்று நீ பலமுறை கேட்டாய். நானும் ஒவ்வொரு முறையும் முட்டி வலி, ஓட முடியவில்லை என்று சொல்லித் தப்பித்தேன். அப்போது அது பொய். இப்போது பார், நிஜமாகவே வலிக்கிறது, டாக்டர் எக்ஸ்ரே சகிதம் சாட்சி.

அன்றைக்கு உன்னிடம் சொல்லியிருந்தால் நீ வேண்டுமென்றே அவுட் ஆகியிருப்பாய். எனக்கு ஒரு மேட்ச் கிடைக்கும் என்பதற்காகவாவது. உன்னை எனக்குத் தெரியாதா?

ஆபரேஷன் மாசிக்குமேல்தான் இருக்கும். முடிந்தால் வந்து இரண்டு நாள் இரு. அண்ணி உடம்பைப் பற்றி அடுத்த கடிதத்தில் ஒழுங்காக எழுது, ஒரு வரி போதாது.

உன்,
பன்னிரண்டாவது ஆள்