மாடி கம்ப்யூட்டரில் இருக்கும் உன் மெயில்கள்

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள தம்பிக்கு,

"அந்த பிஎஸ்டி ஃபைலை மட்டும் பென் டிரைவில் போட்டு வைம்மா, ஊருக்கு வந்ததும் தண்டர்பேர்டில் திறந்துக்கறேன்" என்று போனில் சொன்னாய். போட்டு வைக்கலாம், ஆனால் திறக்காதுடா. பிஎஸ்டி (.pst) என்பது அவுட்லுக் என்ற மெயில் புரோகிராம் தன் மெயில்களைப் போட்டு வைக்கிற பெட்டி, தண்டர்பேர்டுக்கு நேராகப் புரியாது. தண்டர்பேர்டும் ஒரு மெயில் புரோகிராம்தான், ஆனால் அது வைத்துக்கொள்வது எம்பாக்ஸ், அதாவது ஒரு ஃபோல்டருக்கு ஒரு ஃபைல். அதற்குள் மெயில்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வெறும் எழுத்தாகவே கிடக்கும், நோட்பேடில்கூடப் படிக்கலாம். அதனால் அவுட்லுக் 2010 இன்னும் ஓடுகிற இந்த மெஷினிலேயே மாற்றிவிட்டு, மாற்றியதை எடுத்துப்போ. ஆற்றுத் திருவிழாவுக்கு வரும்போது ஒரு பகல் ஒதுக்கினால் போதும்.

முதலில் எத்தனை பெட்டி என்று பார். அவுட்லுக்கில் ஃபைல், அக்கவுண்ட் செட்டிங்ஸ், டேட்டா ஃபைல்ஸ் என்று போனால் ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று காட்டும். உன்னுடையது இரண்டு. ஆட்டோ ஆர்க்கைவ் பழைய மெயில்களை உன்னைக் கேட்காமலே ஆர்க்கைவ் பிஎஸ்டிக்குத் தள்ளியிருக்கிறது. அதை விட்டுவிட்டுப் போனால் பாதி வருஷங்கள் காணாமல் போனதாகத் தெரியும். இரண்டும் அவுட்லுக்கின் இடப்பக்கப் பட்டியலில் திறந்திருக்க வேண்டும்.

அடுத்து எண்ணிக்கை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ரைட் கிளிக், ப்ராப்பர்டீஸ், மொத்த எண்ணிக்கையைக் காட்டச் சொல். படிக்காதவை எத்தனை என்பதுதான் வழக்கமாகத் தெரியும், அதை நம்பாதே. ஒரு தாளில் ஃபோல்டர் பெயரும் எண்ணும் எழுதிக்கொள். இந்தத் தாள் இல்லாமல் வேலையைத் தொடங்காதே.

"2012/13" மாதிரி நிதியாண்டுப் பெயர்களில் சாய்கோடு போட்டு வைத்திருக்கிறாய். விண்டோஸில் ஃபைல் பெயருக்குச் சாய்கோடு ஆகாது. ஜிமெயில் வழியாகப் போனால் "2012" என்று ஒரு ஃபோல்டரும் அதற்குள் "13" என்று இன்னொன்றும் முளைக்கும். இப்போதே எல்லாவற்றையும் சிறுகோடாக மாற்றிவிடு.

அவுட்லுக்கை மூடிவிட்டு இரண்டு பிஎஸ்டியையும் நகல் எடு. பெரியது 6.3 ஜிபி. உன் பென் டிரைவ் ஃபேட்32ஆக இருந்தால் 32 ஜிபி காலியாக இருந்தாலும் ஏற்காது, ஏனென்றால் அதில் ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல் போக முடியாது. எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மேட் செய்துகொள். நகல் ஓடும்போது கரண்ட் போனால் யுபிஎஸ் பத்து நிமிஷம்தான் தாங்கும், அதனால் காலையிலேயே உட்கார். மெஷின் பீப் பீப் என்று கத்திக்கொண்டு எழவில்லை என்றால் பயப்படாதே. தேவனாம்பட்டினத்து உப்புக்காற்றில் ரேம் கால்கள் கறுத்திருக்கும். கழற்றி, பென்சில் ரப்பரால் துடைத்து மாட்டு.

இனி மாற்றும் வேலை. அந்த மெஷினில் இருப்பது 32 பிட் அவுட்லுக், எனவே தண்டர்பேர்டும் 32 பிட்டாக இருக்க வேண்டும். சாதாரணமாக இறங்குவது 64 பிட். இரண்டும் பொருந்தாவிட்டால் இம்போர்ட் செய்யும்போது காரணம் புரியாத ஒரு பிழை வந்து நின்றுவிடும். டீஃபால்ட் மெயில் புரோகிராம் அவுட்லுக் என்றே இருக்கட்டும். பிறகு தண்டர்பேர்டில் டூல்ஸ், இம்போர்ட், அவுட்லுக். வந்தவை லோக்கல் ஃபோல்டர்ஸுக்குக் கீழே தனி ஃபோல்டராக நிற்கும். நடுவில் நின்றுபோனால் பிஎஸ்டியில் ஓட்டை இருக்கலாம், அவுட்லுக்கோடு வரும் பழுதுபார்க்கும் கருவியான ஸ்கேன்பிஎஸ்டியை நகலின் மேல் ஓட்டு, மூலத்தின் மேல் ஓட்டாதே. அவுட்லுக்கே எழாமல் போனால் உன் உபுண்டு லேப்டாப்பில் பிஎஸ்டி-யூட்டில்ஸ் போட்டு, ரீட்பிஎஸ்டி கட்டளையால் எம்பாக்ஸாக்கலாம்.

இம்போர்ட் தொடங்கும் முன் ஆன்டிவைரஸிடம், தண்டர்பேர்டு மெயில்களை வைக்கும் ப்ரொஃபைல் ஃபோல்டரைத் தொடாதே என்று சொல்லிவிடு. ஒரு ஃபோல்டர் முழுவதும் ஒரே ஃபைல் அல்லவா? பழைய வைரஸ் மெயில் ஒன்று உள்ளே இருந்தாலும் ஆன்டிவைரஸ் மொத்த ஃபைலையும் தூக்கிச் சிறையில் போட்டுவிடும்.

ஜிமெயிலில் ஏற்றி அங்கிருந்து இறக்கலாமே என்று உன் நண்பன் சொன்னானாம். ஐமேப் (மெயிலை சர்வரிலேயே வைத்துப் பார்க்கும் முறை) வழியாக ஒரு நாளைக்கு 500 எம்பிக்கு மேல் ஏற்ற ஜிமெயில் விடாது. பெரிய பெட்டிக்கு மட்டும் பதின்மூன்று நாள் ஆகும், இலவச 15 ஜிபியில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக அதுவே பிடித்துக்கொள்ளும். சின்ன ஃபோல்டருக்குச் சரி, இதற்கு வேண்டாம்.

எண்ணைத் தாளோடு ஒப்பிட்டு முடித்ததும் தண்டர்பேர்டை மூடு. ப்ரொஃபைலில் மெயில், லோக்கல் ஃபோல்டர்ஸ் என்று உள்ளே போ. அங்கே வால் இல்லாத பெயரில் ஒரு ஃபைலும், அதே பெயரோடு எஸ்பிடி (.sbd) என்று முடியும் ஃபோல்டரும் இருக்கும். அவை இரண்டும்தான் உன் மெயில்கள். எம்எஸ்எஃப் (.msf) என்று முடிபவை வெறும் அட்டவணை, விட்டுவிடு, தண்டர்பேர்டே புதிதாகப் போட்டுக்கொள்ளும். உன் லேப்டாப்பில் தண்டர்பேர்டு மூடியிருக்கும்போது அதே இடத்தில் ஒட்டித் திற. எண் கோணலாக வந்தால் ஃபோல்டர் ப்ராப்பர்டீஸில் ரிப்பேர் கொடு. அட்ரஸ் புக்கைத் தனியாக சிஎஸ்வியாக எடு, ரூல்களை மறுபடி கையால்தான் போட வேண்டும்.

கல்லூரி நாட்களின் தமிழ்க் குழு மெயில்கள் புழு நெளிந்த மாதிரி தெரியும். கெட்டுப்போய்விட்டது என்று அழிக்காதே. அவை, இன்று எல்லோரும் பயன்படுத்தும் யூனிகோடு பரவுவதற்கு முன் புழங்கிய திஸ்கி என்ற தமிழ் எழுத்து முறை. அவுட்லுக்கில் படிக்க முடிந்தது அந்த மெஷினில் திஸ்கி எழுத்துரு இருந்ததால். வேண்டியதை மட்டும் நகலெடுத்து என்எச்எம் கன்வர்ட்டரில் போட்டால் யூனிகோடாகிவிடும்.

லேப்டாப் தண்டர்பேர்டில் உன் மெயில் கணக்கைச் சேர்க்கும்போது பாப்3 கொடுக்காதே, ஐமேப் கொடு. பாப்3 என்றால் சர்வரில் மிச்சமிருக்கும் அத்தனையையும் மறுபடி இறக்கி எல்லாம் இரட்டையாகும்.

ஒரு டிபி வெளி டிஸ்க் ஒன்று கொண்டுவா. பிஎஸ்டி நகல் அதில் கிடக்கட்டும். இங்கே இருப்பதை நான் அடுத்த தை வரை அழிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
அம்மா