யாயா டூரே காசுக்காகப் போனவனா?

மாப்ளே,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து இப்போது பேப்பரை அவங்களே படிக்கிறாங்க. சரி, விஷயத்துக்கு வருகிறேன். பார்சிலோனாவில் இருந்திருக்க வேண்டிய ஐவரி கோஸ்ட் கால்பந்து வீரன் யாயா டூரே காசைப் பார்த்து மான்செஸ்டர் சிட்டிக்கு ஓடிவிட்டான் என்று போகிறபோக்கில் எழுதிவிட்டாய். அதை என்னால் அப்படியே விட முடியவில்லை.

காசு நிறையக் கொடுத்தார்கள்தான். ஆனால் பார்சிலோனாவில் அவன் நிலைமை என்ன? 2009 சாம்பியன்ஸ் லீக் ஃபைனலில் மான்செஸ்டர் யுனைட்டெடுக்கு எதிராக அவனை சென்டர் பேக்காக, அதாவது நடுத் தடுப்பாட்டக்காரனாக, இறக்கினார் கோச் குவார்டியோலா. முகம் சுளிக்காமல் ஆடினான், எதிரே ரொனால்டோவும் ரூனியும் இருந்தும் ஒரு கோல்கூட விழவில்லை, கோப்பையும் வந்தது. ஆனால் அவனுடைய சொந்த இடமான மிட்ஃபீல்டுக்கு அதற்குள் இளையவன் புஸ்கெட்ஸ் வந்தாகிவிட்டது. ஐவரி கோஸ்டில் புவாக்கேயில் பிறந்து, அபிஜானில் ஆசெக் மிமோசா அகாடமியில் வளர்ந்து, அப்புறம் பெல்ஜியத்தில் பெவரென், உக்ரைனில் டொனெட்ஸ்க், கிரீஸில் ஒலிம்பியாகோஸ், பிரெஞ்சு லீக்கில் மொனாக்கோ என்று படிப்படியாக ஏறி வந்தவன், 27 வயதில் பெஞ்சில் உட்கார வேண்டுமா? சிட்டியில் அண்ணன் கோலோ வேறு இருந்தான். 2010-ல் போனான்.

போனவன் என்ன செய்தான் என்று பார். முதல் சீசனிலேயே இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் யுனைட்டெடுக்கு எதிராக ஒரே கோல் அவனுடையது, ஃபைனலில் ஸ்டோக்குக்கு எதிராக ஒரே கோல், அதுவும் அவனுடையது. 35 வருஷமாகப் பெரிய கோப்பை எதையும் பார்க்காத கிளப் அது!

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது 2012 மே மாத நியூகாசில் மேட்ச். லீக் பட்டத்துக்கு ஜெயித்தே ஆக வேண்டும், ஒரு மணி நேரம் ஆகியும் கோல் இல்லை. சிட்டி கோச் மான்சினி, தாக்கி ஆடும் நஸ்ரியை வெளியே எடுத்துவிட்டு டி யோங்கை இறக்கினார். கோல் வேண்டிய நேரத்தில் டிஃபென்சிவ் மிட்ஃபீல்டரா என்று பார்த்தவர்கள் திகைத்திருப்பார்கள். பின்னால் காவலுக்கு ஆள் வந்ததும் யாயா முன்னே போனான், அகுவேரோவோடு பந்தை மாற்றிக்கொண்டு பாக்ஸுக்கு வெளியிலிருந்தே வலது காலால் வளைத்துக் கீழ் மூலையில் போட்டான். கடைசி நிமிஷங்களில் இன்னொன்று. பட்டத்தை வென்று கொடுத்த அகுவேரோவின் அந்தக் கடைசி நொடி கோலை உலகமே பேசுகிறது, அது அடுத்த வாரம். இந்த இரண்டும் இல்லாவிட்டால் அதற்கு வேலையே இருந்திருக்காது. உன் மகனை கோச் நடுக்கோட்டைத் தாண்டாதே என்கிறாராமே, அவனுக்கு இந்த மேட்சைப் போட்டுக் காட்டு.

2013-14 சீசனில் பிரீமியர் லீகில் மட்டும் 20 கோல். லாம்பார்டுக்கு அப்புறம் எந்த மிட்ஃபீல்டரும் அதுவரை எட்டாத எண்ணிக்கை அது. 2011 முதல் 2014 வரை தொடர்ந்து நான்கு முறை ஆப்பிரிக்காவின் சிறந்த வீரர். அதே 2014 ஜூனில் பிரேசிலில் உலகக் கோப்பை ஆடிக்கொண்டிருக்கும்போது தம்பி இப்ராஹிம் புற்றுநோயில் இறந்துபோனான், 28 வயதுதான். அடுத்த மேட்சில் கிரீஸுக்கு எதிராக இறங்கினான் யாயா, 90 நிமிஷம் முடிந்து சேர்த்த நிமிஷங்களில் கிடைத்த பெனால்டியில் கிரீஸ் ஜெயித்து ஐவரி கோஸ்ட் வெளியேறியது. அன்றைக்கு அவன் மனசு என்ன பாடுபட்டிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன்.

எட்டு மாசம் கழித்து ஈக்வடோரியல் கினியாவின் பாட்டா நகரில் ஆப்பிரிக்கக் கோப்பை ஃபைனல். பழைய கேப்டன் துரோக்பா விலகியபின் கேப்டன் அவன்தான். 2006-லும் 2012-லும் ஃபைனலில் பெனால்டியில் தோற்ற அணி, இங்கேயும் முதல் இரண்டு பெனால்டியைத் தவறவிட்டது. அங்கிருந்து மீண்டு, கடைசியில் கோல் கீப்பர் பாரியே ஒன்றைத் தடுத்து ஒன்றை அடித்து 9-8. எதிரே யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீ கானா பக்கம்தானே எப்போதும்.

உன் கானா மிட்ஃபீல்டர் எசியன்தான் ஒசத்தி என்று பதில் எழுதுவாய், தெரியும். எழுது, ஆனால் செல்சியில் அவன் முழங்கால் காயத்துக்கு முன்னால் எப்படி, பின்னால் எப்படி என்று பிரித்து எழுது.

உன்
மாப்ளே