தொழில்துறை இணையதளங்களில் பதிவு: மாணவரின் பெயரும் மின்னஞ்சலும் அவர் கையிலேயே இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் அம்பாசமுத்திரத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் விரிவுரையாளன். எங்கள் தலைமுறையில் ‘பதிந்துவிட்டாயா?’ என்று ஒருவரைக் கேட்டால், அது மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தை மட்டுமே குறித்தது. அந்த அட்டையை 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை மறக்காமல் புதுப்பித்துவிட்டால் நம் பொறுப்பு முடிந்ததாக இருந்துவிடுவோம். இன்றைய மாணவர் பதிய வேண்டிய இடங்களோ பல. தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) பயிற்சிக்கு மத்திய கல்வி அமைச்சகத்தின் நாட்ஸ் தளம், வேலை தேடுவோருக்கு நேஷனல் கெரியர் சர்வீஸ் தளம், நம் மாநில அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையம், துறையில் இருப்பவர்களோடு அறிமுகமாவதற்கு லிங்க்ட்இன், நிரல் எழுதுவோருக்கு கிட்ஹப் எனப் பட்டியல் நீளும். இவற்றில் கணக்குத் தொடங்கப் பணம் எதுவும் தேவையில்லை, நிதானம்தான் தேவை. கல்லூரியின் கடைசிப் பருவத்தில், யாரோ ஒருவருடைய பிரவுசிங் சென்டரில், பின்னால் பத்துப் பேர் காத்து நிற்கும்போது அந்த நிதானம் கிடைப்பதில்லை என்பதைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் மின்னியல் டிப்ளமோ முடித்த பெண் ஒருத்தி சென்ற ஆண்டு தொழிற்பழகுநர் பயிற்சிக்காக ஒரு சென்டரில் பதிந்தாள். அவளுக்கென மின்னஞ்சல் முகவரி இல்லாததால் அங்கிருந்தவரே ஒன்றை உருவாக்கி, மீட்பு எண் கேட்ட இடத்தில் தம்முடைய கைபேசி எண்ணையே இட்டுவிட்டார். கடவுச்சொல்லை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார், சீட்டு தொலைந்துபோனது. நிறுவனத்திடமிருந்து அழைப்பு வந்தபோது அஞ்சலைத் திறக்க வழியில்லை, ஓடிபி போன எண்ணோ அப்போது பயன்பாட்டில் இல்லை. விஷயம் தெரிந்து அவள் என்னிடம் வந்தபோது நேர்முகத் தேர்வு முடிந்து பதினோரு நாட்கள் ஆகியிருந்தன. அவர் வேண்டுமென்று செய்ததாக நான் நினைக்கவில்லை. ஒரு நாளைக்கு நாற்பது பேருக்குப் பதிந்து கொடுப்பவருக்கு அது நாற்பதில் ஒன்று, அவ்வளவுதான்.

பெயரில் இருந்த சிக்கல் இதைவிடப் பெரியது. “கடைசிப் பேரு என்னன்னு கேக்குல்லா சார், நமக்கு ஏது அது?” என்று அவள் கேட்ட கேள்விக்கு எனக்கும் சட்டென்று விடை சொல்லத் தெரியவில்லை. குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் நம் பக்கத்தில் இல்லை. தகப்பனார் பெயரின் முதலெழுத்தே நமக்குத் தலைப்பெழுத்து. இத்தளங்களோ முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்களைக் காட்டி இரண்டையும் நிரப்பச் சொல்கின்றன. அவளுடைய பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தலைப்பெழுத்து பெயருக்கு முன்னால் இருந்தது, ஆதாரில் பின்னால் இருந்தது, வங்கிப் புத்தகத்திலோ தகப்பனார் பெயர் முழுவதுமாக விரிந்து நின்றது. நமக்கு ஒரே ஆள்; கணினிக்கு மூன்று பேர். பயிற்சிக் காலத்து உதவித்தொகையில் அரசு தரும் பங்கு பயிற்சியாளரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக வருவதால், ஆதாரும் வங்கிக் கணக்கும் பதிவும் ஒத்துப்போகாவிட்டால் பயிற்சி கிடைத்த பின்னும் அலைச்சல் தீராது. ஐஐடிகள் இணையவழியில் நடத்தும் என்பிடெல் பாடங்களிலும் இதே கதைதான். அவற்றில் சேர்வதற்குக் கட்டணம் இல்லை. நேரில் எழுதும் தேர்வுக்குத்தான் கட்டணம். ஆனால் தேர்வுப் படிவத்தில் எப்படித் தட்டச்சு செய்கிறோமோ அப்படியே சான்றிதழில் பெயர் அச்சாகி வரும். ஆகவே பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரை அடிப்படையாக வைத்து மற்ற ஆவணங்களை முதலில் திருத்திக்கொண்டு, அதன் பிறகு பதிவதே முறை. ஆதாரில் பெயரை வாழ்நாளில் 2 முறைதான் திருத்த முடியும் என்பதால் அதையும் யோசித்துச் செய்ய வேண்டும். லிங்க்ட்இன் போன்ற இடங்களில் தகப்பனார் பெயரைக் கடைசிப் பெயராக இடுவதில் தவறில்லை. என்ன, வெளிநாட்டிலிருந்து பேசுகிறவர் மகளை அவளுடைய அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அதற்குப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

மின்னஞ்சலைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில கல்லூரிகள் மாணவர்களுக்குத் தம் பெயரிலேயே முகவரி வழங்குகின்றன. மாணவர் சலுகைகளைப் பெற அது உதவும். மாணவர்களுக்கு மென்பொருள் கருவிகளை இலவசமாகத் தரும் கிட்ஹப்பின் மாணவர் தொகுப்புக்கு அந்த முகவரியோ கல்லூரி அடையாள அட்டையோ சான்றாகிறது. ஆனால் படிப்பு முடிந்தபின் கல்லூரி அந்த முகவரியை முடக்கிவிட்டால், அதை மட்டும் நம்பித் தொடங்கிய கணக்குகளின் கதவும் சேர்ந்தே அடைபடும். ஒரே கணக்கில் ஒன்றுக்கு மேற்பட்ட முகவரிகளைச் சேர்க்க லிங்க்ட்இன் இடமளிக்கிறது. சொந்த முகவரியை முதன்மையாகவும் கல்லூரி முகவரியைத் துணையாகவும் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. லிங்க்ட்இன்னில் சேர 16 வயது நிரம்பியிருந்தால் போதும் என்பதால், டிப்ளமோ முதலாண்டு மாணவர்களில் பெரும்பாலோர் கடைசிப் பருவம் வரை காத்திருக்கத் தேவையே இல்லை.

கணக்கைத் தொடங்கியபின் அதில் என்ன எழுதுவது என்பதிலும் நம் பிள்ளைகள் தங்களைக் குறைத்துக்கொள்கிறார்கள். ‘வேலை தேடுகிறேன்’ என்ற ஒற்றை வரியோடு நின்ற ஒரு பையனின் பக்கத்தைப் பார்த்தேன். விசாரித்ததில், கோடை விடுமுறைகளில் அவன் மாமாவின் கடையில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டியவன் என்று தெரிந்தது. மூன்று குதிரைத்திறன் மோட்டாரைப் பிரித்து, கருகிய சுற்றை வெட்டி எடுத்து, சுற்றுகளை எண்ணிக் குறித்துக்கொண்டு, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றி உலர்த்திக் கொடுத்திருக்கிறான். “அதெல்லாமா சார் எழுதுவாங்க?” என்றான். அதைத்தான் எழுத வேண்டும். கங்கைகொண்டான் சிப்காட்டில் சூரிய மின்கலத் தொழிற்சாலையும், கயத்தாறு பக்கம் காற்றாலைகளும், மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகமும் இருக்கும் பகுதி இது. கைவேலை தெரிந்தவரைத் தேடுகிறவர்கள் நம்மைச் சுற்றியே இருக்கிறார்கள். அதே சமயம், எழுதக் கூடாதவையும் உண்டு: ஆதார் எண், பிறந்த தேதி, வீட்டு முகவரி, மதிப்பெண் சான்றிதழின் படம் ஆகியவற்றைப் பொதுப் பக்கத்தில் யாரும் போட வேண்டாம். ‘பதிவுக் கட்டணம்’, ‘திரும்பத் தரும் வைப்புத்தொகை’ என்று எவராவது பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். பணம் போய்விட்டிருந்தால் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

நம் மாவட்டத்துக் கல்லூரிகளுக்கும் பாலிடெக்னிக்குகளுக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான். முதலாண்டின் இரண்டாம் பருவத்தில் ஒரே ஒரு பிற்பகல் கணினி ஆய்வகத்தைத் திறந்துவிட்டு, மாணவர்கள் தங்கள் கைபேசி எண்ணையும் சொந்த அஞ்சலையும் கொண்டு தாங்களே பதியட்டும். ஆசிரியர் பக்கத்தில் நின்றால் போதும், அவர் தட்டச்சு செய்ய வேண்டாம். வரும்போது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம் ஆகிய மூன்றையும் கொண்டுவரச் சொல்லி, பெயர் ஒத்திருக்கிறதா என்று அன்றே பார்த்துவிட்டால், திருத்துவதற்கு இரண்டு ஆண்டுகளாவது கையில் இருக்கும். எங்கள் தெருப் பெண்ணுக்கு அந்த அவகாசம் இல்லை. அவளுடைய ஆதாரையும் வங்கிக் கணக்கையும் சரிசெய்ய ஆறு வாரங்கள் அலைந்தோம். அதன்பின் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவளே தன் கைபேசியில் புதிதாகப் பதிந்ததற்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் விரிவுரையாளர்,
அம்பாசமுத்திரம்.